வண்டி ஓட்டுவீங்களா?

முன்னால் போன லாரியின் பின்விளக்கு சிவந்தது. அது சிவந்தது அவளுக்குத் தெரிந்தது. பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. ஆனால் கைக்கு அந்தத் தகவல் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஸ்கூட்டர் கிறீச்சிட்டு நின்றபோது, முன் சக்கரத்துக்கும் லாரியின் முதுகுக்கும் நடுவே ஒரு வாரப் பத்திரிகையைச் செருகலாம். தீபாவளி மலர் என்றால் சிக்கியிருக்கும்.

"ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" பக்கத்தில் நின்ற பைக் ஆசாமி கத்தினான்.

வீட்டுக்காரரிடம் சொல்லத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

இன்னும் சற்று நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டுவிடும். அவள் கணவர் பள்ளிக்கூட வேனில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகுவார். அவருக்குப் பின்னால் ஒரு வேன் நிறையக் குழந்தைகள் இருப்பார்கள். அவருடைய வயிற்றிலோ, குடித்தவரைத் தூங்கவைக்கிற இருமல் மருந்து இருக்கும். குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்கிற சங்கதி அவருக்கு மட்டும் தெரியாது.

சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறிய பிறகுதான் அது பச்சை என்பது அவளுக்கு உறைத்தது.

"கண்ணைத் திற கழுதை" என்று தன்னையே திட்டிக்கொண்டு ஆக்ஸிலேட்டரைத் திருகினாள்.

அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. இந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் தூங்கவில்லை. கணவரின் இருமல் தூங்கவிடவில்லை. சாதாரண இருமலா அது? அடிவயிற்றில் யாரோ கட்டிலை இழுத்துப் போடுகிற மாதிரி ஆரம்பித்து, தொண்டைக்கு வரும்போது தகரம் கிழியும். போதாததற்கு அவருடைய ஜலதோஷம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. "கல்யாணமான நாளிலிருந்து உங்ககிட்டயிருந்து எனக்குன்னு கிடைச்சது இது ஒண்ணுதான்" என்று நேற்றுகூடச் சொல்லிக் காட்டினாள். மூக்கு இரண்டும் அடைத்து, சோறும் ஒன்றுதான், சோப்பும் ஒன்றுதான் என்று நாக்கு மரத்துக் கிடந்தது.

இன்று காலையில்தான் ஒருவழியாக அவரை டாக்டரிடம் விரட்டினாள். அவர் போய்ச் சீட்டு வாங்கி, மருந்து வாங்கி, வீட்டுக்கு வந்து, அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்த நேரத்தில் வேனை எடுக்கக் கிளம்பிப் போய்விட்டார். வாசலிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: "மருந்தை வேன்ல போய்க் குடிச்சுக்கறேன். என் இஞ்சி டீயை எடுத்துக்கிட்டேன்!"

குடித்தால் சரி என்று அவளும் தன் டீ ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு ஓடினாள்.

அவளுடைய வேலை ஒரு சலவை ஆலையில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஹோட்டல் மேஜை விரிப்புகளும் மலை மலையாக வந்து இறங்கும். துவைத்துப் பிழிந்த விரிப்பின் முனைகளை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து, கொதிக்கிற உருளைக்குள் செலுத்த வேண்டும். மறுபக்கம் அது அப்பளம் மாதிரி மொடமொடவென்று வெளியே வரும். எப்போதும் புகைகிற உருளையும் எப்போதும் புகைகிற கோபமுமாக நிற்பதால் அவளுக்கு அங்கே 'நீராவி' என்று பெயர். மேற்பார்வையாளருக்குச் 'சுருக்கம்' என்று பெயர். அந்த ஆள் வாயில் அந்த ஒரு வார்த்தைதான் வரும்.

இன்று நீராவியிடம் அழுத்தம் இல்லை. காலையில் டீ நேரத்தில் ஃபிளாஸ்க்கில் பாதியைக் குடித்துப் பார்த்தாள். சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை. அப்புறம் பார்த்தால் உடம்பு தெளிவதற்குப் பதிலாகக் கனத்தது. கண்ணிமையில் யாரோ படிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. மூக்கு நுனி சும்மா சும்மா அரித்தது. மதியத்துக்கு மேல் ஒரு விரிப்பைச் செலுத்திக்கொண்டிருந்தவள், விரிப்போடு சேர்த்துத் தன் விரல்களையும் செலுத்தப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் முனையைப் பிடித்திருந்த அக்கா பாய்ந்து கையை இழுத்துவிட்டாள்.

"அடியே! கையையும் பெட்டி போட்டு மடிச்சு அனுப்பணுமா? நின்னுக்கிட்டே தூங்கறியே, குதிரையா நீ?"

"அவர் இருமறார்க்கா. ராவெல்லாம் தூக்கமே இல்ல."

"அவர் இருமினா உன் தலை ஏன் ஆடுது? போய் மூஞ்சியக் கழுவு."

முகத்தைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோதுதான் போன் அடித்தது. மருந்துக் கடைக்காரம்மா. மாமியார் இருந்த காலத்திலிருந்து மாதாமாதம் மருந்து வாங்குகிற கடை. அங்கே இவளுடைய நம்பர்தான் கொடுத்திருந்தது.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் காலைல இருமல் சிரப் வாங்கிட்டுப் போனாரே…"

"ஆமாங்க. ஏன், மருந்து மாறிப்போச்சா?"

"மருந்து மாறலை. அவர் என்ன வேலை பாக்கறார்?"

"ஸ்கூல் வேன் ஓட்டறார்."

அந்தப் பக்கம் குரல் இறங்கி வந்தது.

"அப்ப நான் பாத்தது அவரைத்தான். சாப்பிடப் போறப்ப ஒரு வேன், மதியமே விடற குட்டிப் பசங்களோட சிக்னல்ல நின்னுச்சு. டிரைவர் சீட்ல யாரோ இருமினாங்க. அந்த இருமலை எங்க கேட்டாலும் அடையாளம் சொல்லிடுவேனே! ஆனா காலைல நான் வாயைத் திறந்து கேட்டேம்மா, 'வண்டி ஓட்டுவீங்களா'ன்னு. 'எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாதுங்க, வீட்ல அவதான் ஓட்டுவா'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார்."

நீராவி தலையில் கை வைத்துக்கொண்டாள். மனுஷன் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அவர்கள் வீட்டில் 'வண்டி' என்றால் ஸ்கூட்டர். வேன் என்றால் வேன். "வண்டியில பெட்ரோல் இருக்கா?" என்று அவர் கேட்டால் அவளுடைய ஸ்கூட்டரைத்தான் கேட்கிறார். நாலு சக்கரத்தைச் சந்து பொந்தெல்லாம் ஓட்டுகிற மனுஷனுக்கு இரண்டு சக்கரத்தில் ஏறினால் உடம்பு நடுங்கும். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. பின்சீட்டில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் சுற்றுவார்.

"பாட்டில்ல மஞ்சத் தாள் ஒட்டியிருக்குமேம்மா, 'வண்டி ஓட்டக் கூடாது'ன்னு?"

"அதையும் படிச்சிருப்பாருங்க. 'நமக்கு இல்ல'ன்னு விட்டிருப்பாரு."

"கேட்டுக்கங்க. அது சும்மா கடையில கேட்டு வாங்கற சிரப் இல்ல. சீட்டு இல்லாம நான் தரவே மாட்டேன். கண்ணு சொருகும். நாக்கு குழறும். எதிர்ல நிக்கறது தெரியும், ஆனா கையும் காலும் லேட்டாத்தான் கேக்கும். அளவு மீறினா மூச்சே மந்தமாயிடும். சீட்டுல யார் பேர் இருக்கோ அவங்க மட்டும், சொன்ன அளவு மட்டும்தான் குடிக்கணும். அவரை முதல்ல வேனை விட்டு இறக்குங்க. நான் அப்புறம் போன் பண்றேன்."

கணவருக்குப் போன் போட்டாள். அடித்தது, எடுக்கவில்லை. வேனில் உட்கார்ந்தால் போனைத் தொட மாட்டார். அந்த ஒரு நல்ல பழக்கம் இன்றைக்கு வில்லனாகிவிட்டது. பள்ளிக்கூடத்து நம்பர்? வேனின் முதுகில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. அதைப் படிக்க வேண்டுமென்றால் வேனுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும்.

"சார், நான் போகணும்" என்று சுருக்கத்திடம் ஓடினாள்.

"இங்க பாரு, இந்த விரிப்புல மூலையில சுருக்கம்…"

"சார், என் வாழ்க்கையிலேயே பெரிய சுருக்கம் விழப்போகுது. போயிட்டு வந்து நீவி விடறேன்!"

இதுதான் அவள் லாரிக்கு முத்தம் கொடுக்கப் போன கதை.

அடுத்த சிக்னலில் மறுபடி சிவப்பு. ஸ்கூட்டரை ஒரு காலில் தாங்கிக்கொண்டு நின்றாள். நின்றதுதான் தாமதம், தலை முன்னால் சரிந்து, கன்னம் கண்ணாடியில் இடித்தது. திடுக்கிட்டு நிமிர்ந்தாள். இப்படியே போனால் சரிப்படாது. முன்னால் மாட்டியிருந்த பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தாள். டீ குடித்தாலாவது தூக்கம் போகும். மிச்சமிருந்த பாதியையும் அண்ணாந்து மடமடவென்று குடித்து முடித்தாள். ஆறிப்போயிருந்தது. பிசுபிசுப்பாகத் தொண்டையில் இறங்கியது. என்ன கண்றாவியோ! காய்ச்சல் வந்த நாக்குக்கு அமிர்தமும் ஆலகாலமும் ஒன்றுதான்.

அவள் மனசெல்லாம் அந்த வேனில் இருந்தது. வேன் போகிற வழியிலுள்ள வளைவு, பாலம், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பெயர்ந்து கிடக்கிற கல் எல்லாம் வந்து வந்து போயின. இவர் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தால் போதும். இவ்வளவு வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர் என்று யார் சொல்லப் போகிறார்கள்? 'குடிச்சிட்டு ஓட்டினான்' என்றுதான் ஊர் சொல்லும். என்ன குடித்தார் என்று ஒருத்தர் கேட்க மாட்டார்கள்.

பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது மணி அடித்து முடித்திருந்தது. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடத் தேடியது கால், கிடைக்கவில்லை. அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு ஓடினாள். ஓடினாள் என்பது அவள் நினைப்பு. காவலாளியின் கண்ணுக்கு அது தள்ளாட்டம்.

"நில்லும்மா! யாரு வேணும்?"

"வேன்… சாவி… இருமல் குடிச்சு… அவரு ஓட்டக் கூடாது!" வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன.

காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும்மா குடிச்சிருக்கறது? அவரா, நீயா?"

பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. உள்ளே மஞ்சள் வேன் உறுமிக்கொண்டு நின்றது. குழந்தைகள் ஏறி முடித்து, "லொக்கு மாமா, லொக்கு மாமா" என்று ராகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கதவை இழுத்துச் சாத்த ஆயாம்மா கையை வைத்திருந்தாள். நீராவி டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குள் கையை விட்டாள். சாவியைத் திருகி உருவி எடுத்தாள். வேன் விக்கி அடங்கியது.

"ஏய்! என்னடி இது, பட்டப்பகல்ல வழிப்பறி?" வேன்காரர் அதிர்ந்துபோனார்.

"இறங்குங்க."

"பசங்க ஏறியாச்சு."

"பசங்க ஏறினதாலதான் இறங்கச் சொல்றேன். மருந்து குடிச்சீங்களா?"

"குடிச்சேனே. மூணு வேளையும் குடிச்சு முடிச்சாச்சு."

"மூணு வேளையுமா? அதுக்குள்ளயா?"

"கத்தாதே" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "ஸ்கூல் வேன்ல உக்காந்து ஒரு பாட்டிலை எடுத்து வாயில கவுத்தினா பாக்கறவன் என்ன நினைப்பான்? அதான் காலைலயே மூணு வேளை மருந்தையும் அளந்து ஃபிளாஸ்க்ல ஊத்தி டீயோட கலந்துட்டேன். நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா குடிச்சேன். எப்படி நம்ம ஐடியா?"

"ஐடியா இல்ல, அடி முட்டாள்தனம்! மருந்துக் கடைல வண்டி ஓட்டுவீங்களான்னு கேட்டாங்களா இல்லையா?"

"கேட்டாங்க. இல்லைன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன்?"

"அப்ப இது என்ன? பல்லக்கா?"

"இது வேன்டி!"

ஆயாம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நல்லா கேட்டா பாரு! தம்பி, இவ்வளவு நாள் வண்டி ஓட்டத் தெரியாதவன் கூடவா நான் போய்க்கிட்டிருந்தேன்?"

குழந்தைகள் கை தட்டினார்கள். வேன்காரரின் முகம் சுண்டியது. ஆனால் 'தூக்கம் வரும்' என்று அவள் சொன்னதும், 'பாலம்' என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்ததும், அவர் பேசாமல் இறங்கிவிட்டார். அடுத்த வேனின் மீசைக்கார டிரைவர், குழந்தைகளை இரண்டு நடையாகக் கொண்டு போய் விடுவதாக ஒப்புக்கொண்டார். மிச்சமிருந்த குழந்தைகளை ஆயாம்மா மரத்தடியில் உட்கார வைத்தாள்.

புருஷனும் பெண்டாட்டியும் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

வந்த வேலை முடிந்தது. ஒரு கீறலும் இல்லாமல் முடிந்தது. அப்போதுதான் அத்தனை நாள் அலுப்பும் ஒட்டுமொத்தமாக அவள்மேல் வந்து உட்கார்ந்தது. ஈர விரிப்பு மூட்டையை யாரோ தலையில் இறக்கி வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி. தூணில் தலையைச் சாய்த்தாள்.

"மானத்தை வாங்கிட்டே" என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. கட்டில் இழுத்து, தகரம் கிழிந்து, கண்ணில் நீர் வடிய இருமினார்.

"உங்களுக்குத் தூக்கம் வரலையா?" என்று அவள் கேட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"தூக்கமா? எலும்பு கழண்டுரும் போலிருக்கு. அந்த மருந்து சுத்த வெத்து வேட்டு. மூணு வேளை குடிச்சும் ஒரு இருமல் குறையலை. இதுக்குப் போயி ஊரைக் கூட்டினே."

நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. நினைப்பு நூலறுந்த ஊசி மாதிரி கையை விட்டு எங்கோ உருண்டது.

"சரி, எந்திரி. வீட்டுக்குப் போவோம். போய் வண்டியை எடு."

எழுந்தாள். ஸ்கூட்டர் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு இரண்டடி வைத்தாள். முழங்கால் துணியாக மடிந்தது. அவர் தாங்கிப் பிடித்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. அலுப்பு. ஓட்டிருவேன்."

"தம்பி, உன் ஃபிளாஸ்க்கை வேன்லயே விட்டுட்டியே" என்று ஆயாம்மா அதைக் கொண்டுவந்து நீட்டினாள். தலைகீழாகத்தான் பிடித்திருந்தாள். அடியில் குங்குமப் பொட்டு அளவில் ஒரு சிவப்பு நகச்சாயப் புள்ளி.

நீராவி அந்தப் புள்ளியைப் பார்த்தாள். ரொம்ப தூரத்தில் எரிகிற விளக்கு மாதிரி அது தெரிந்தது. ஆலையில் நாலைந்து பேரிடம் அதே மாதிரி ஃபிளாஸ்க் இருப்பதால், அடையாளத்துக்கு அவள் வைத்த பொட்டு. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வாங்கிய ஜோடியில், பொட்டு வைத்தது அவளுடையது. அது எப்படி வேனுக்குள்…

"இது என்னோடதுங்க" என்றாள், நாக்கு குழற.

வேன்காரர் ஃபிளாஸ்க்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலையில் அடுப்பு மேடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றது அவர் கண்ணில் வந்திருக்க வேண்டும். ஒன்றில் மருந்தை ஊற்றினார். சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். எதை?

"நீ… காலைல உன் டீயைக் குடிச்சியா?"

"பாதி அங்க குடிச்சேன். பாதி வர்ற வழியில. தூக்கம் தூக்கமா வந்துச்சு, அதான் எல்லாத்தையும்…"

அவர் அவளுடைய விரலிலிருந்து ஸ்கூட்டர் சாவியை மெல்லக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். "ஆயாம்மா, சீக்கிரம் ஒரு கார் பிடிங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்று கத்தினார். அந்தக் குரலில் இருமலே இல்லை.

அப்போது அவளுடைய போன் அடித்தது. அவளை ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி, மறு கையால் அவர் எடுத்தார். அவர் தோளில் கிடந்த அவள் காதில் மருந்துக் கடைக்காரம்மாவின் குரல் பதறிக்கொண்டு விழுந்தது.

"அம்மா, நிறுத்திட்டீங்களா? அளவு மீறிக் குடிச்சிருந்தார்னா அவரைத் தூங்க விடாதீங்க. பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க. மூச்சு சீரா வருதான்னு பாத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எங்க அவர்?"

"நான்தாங்க பேசறேன்."

"நீங்களா? இவ்வளவு தெளிவாப் பேசறீங்களே! மருந்து குடிச்சதா…"

"குடிச்சது நான் இல்லீங்க" என்றார் வேன்காரர். "எங்க வீட்ல வண்டி ஓட்டறவ."